கடற்கரையும் மருந்துதான்... அளவு தெரிந்தால்!

"டாக்டர், அமைதியான பீச் ஒண்ணு சொல்லுங்களேன். கூட்டம் இருக்கக்கூடாது. பிள்ளைங்க விளையாடணும், அம்மா கொஞ்சம் நடக்கணும், நாங்க ரெண்டு பேரும் நிம்மதியா உட்காரணும்!"

பரீட்சை முடிந்து லீவு விட்டாயிற்று என்றால், என் வைத்தியசாலைக்கு வருகிறவர்களில் ஒருவராவது இப்படிக் கேட்காமல் போவதில்லை. மூட்டுவலிக்குத் தைலம் வாங்க வந்தவரும் கேட்பார். பையனின் இருமலுக்குச் சூரணம் வாங்க வந்தவரும் கேட்பார். புதுச்சேரியில் இருந்துகொண்டு கடற்கரைக்கு வழி கேட்பதா என்று நினைக்காதீர்கள். சனி, ஞாயிறுகளில் எங்கள் கடல் ரோட்டுக்கு வந்து பாருங்கள். தலைகள்தான் தெரியும், கடல் தெரியாது!

ஒரு காலத்தில் நான் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவேன். "வடக்கே பிள்ளைச்சாவடி பக்கம் போங்க. செருப்பைக் கழற்றி வச்சுட்டு மணல்ல நடங்க. கடல் காத்து பட்டாலே பாதி வியாதி போயிடும்!"

இப்போதும் பிள்ளைச்சாவடியைச் சொல்கிறேன். ஆனால், கூடவே நாலு விஷயங்களையும் சொல்லித்தான் அனுப்புகிறேன். அந்த நாலையும் எனக்குக் கற்றுக்கொடுத்தது எந்தப் புத்தகமும் இல்லை. ஒரு அம்மாவின் கால் சுண்டுவிரல்!

"சூடே தெரியல தம்பி!"

2014-ஆம் வருஷம், ஏப்ரல் மாதம். அந்த அம்மாவுக்கு அப்போது வயது 62. பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. முழங்கால் வலிக்காக என்னிடம் வந்துகொண்டிருந்தார். என்னைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். "வீட்டிலேயே அடைஞ்சு கிடக்காதீங்கம்மா. பிள்ளைங்களோட கடற்கரைக்குப் போய் வெறுங்காலோட மணல்ல நடங்க" என்று நான்தான் சொன்னேன்.

மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பியிருக்கிறார். டிபன் முடித்து, எல்லாரும் தயாராகி, மணலில் கால் வைக்கும்போது காலை மணி பதினொன்று. டாக்டர் சொன்ன வாக்கு ஆயிற்றே! செருப்பைக் காரிலேயே விட்டுவிட்டு, அரைமணி நேரம் நடந்திருக்கிறார். பேரப்பிள்ளைகள் இரண்டும் "ஐயோ சுடுது" என்று துள்ளித் துள்ளித் தண்ணீர் பக்கம் ஓடியிருக்கிறார்கள். பாட்டி மட்டும் சிரித்துக்கொண்டே நடந்திருக்கிறார்.

இரண்டு நாள் கழித்து, வீட்டுத் தரையில் ஈரத்தடம் இருப்பதைப் பார்த்த பேத்தி, "பாட்டி, உன் கால்ல என்ன?" என்று கேட்டபோதுதான் தெரிந்தது. இரண்டு பாதங்களிலும் கொப்புளம். ஒன்று உடைந்து சீழ் வைத்திருந்தது.

என்னிடம் வந்தவர் சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் நிற்கிறது. "எனக்குச் சூடே தெரியல தம்பி!"

நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்து நரம்புகள் மரத்துப் போகும். முள் குத்தினாலும் தெரியாது, நெருப்பு பட்டாலும் தெரியாது. இது மருத்துவக் கல்லூரியில் படித்த பாடம். ஆனால் அன்றைக்கு 'மணல்ல நடங்க' என்று சொன்னபோது, 'கால்ல உணர்ச்சி இருக்காம்மா?' என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. உடனே அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் அனுப்பினேன். நாலு மாதம் கட்டுப் போட்டார்கள். இடது கால் சுண்டுவிரலைக் காப்பாற்ற முடியவில்லை.

அந்தக் குடும்பத்தில் யாரும் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் நான் என்னைக் கேட்டுக்கொண்டேன். ஒரு சிட்டிகை சூரணம் கொடுத்தால்கூட, எந்த வேளை, எவ்வளவு அளவு, எந்த அனுபானத்தோடு, என்ன பத்தியம் என்று நாலும் சொல்லித்தானே கொடுக்கிறோம்? கடற்கரையை மட்டும் ஏன் சும்மா சொல்லி அனுப்பினேன்?

அன்றிலிருந்து கடற்கரைக்கும் அந்த நாலையும் சொல்கிறேன். அதற்கு முன்னால், போகிற இடத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்.

மணலைக் காணோமே!

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், கோட்டக்குப்பத்திலேயே தமிழ்நாடு வந்துவிடும். தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று தாண்டினால் மறுபடியும் புதுச்சேரி எல்லை. அதுதான் பிள்ளைச்சாவடி. ஊரிலிருந்து ஏறக்குறைய 10 கிலோமீட்டர். 'புதுச்சேரி பொறியியல் கல்லூரி' என்று நெடுநாள் அறியப்பட்டு, 2020-ல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக மாறிய வளாகம் இங்கேதான் இருக்கிறது. அடுத்தது காலாப்பட்டு. சாவடி என்றால் வழிப்போக்கர்கள் தங்கி இளைப்பாறும் இடம். இளைப்பாறப் போகிறவர்களுக்குப் பொருத்தமான பெயர்தான்!

ஆனால், போய்விட்டு வந்தவர்கள் சிலர் என்னிடம் சண்டைக்கே வந்திருக்கிறார்கள். "என்ன டாக்டர், நீங்க சொன்ன இடத்துல மணலையே காணோம். பாறாங்கல்லாத்தான் கிடக்கு!"

அவர்கள் சொல்வது நிஜம். இந்தக் கரையோரமாக மணல் ஓர் ஆறு மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது. தெற்கிலிருந்து வடக்கே போகும் நீரோட்டத்தைச் சோழமண்டலக் கரை மீனவர்கள் 'தெண்டி' என்பார்கள். வடக்கிலிருந்து தெற்கே வருவது 'வன்னி'. வருஷத்தில் தெண்டி அடிக்கும் மாதங்களே அதிகம். அதனால் கணக்குப் பார்த்தால், வருஷத்துக்குப் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கு நோக்கி நகர்கிறது.

1980-களின் கடைசியில், அரியாங்குப்பம் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் துறைமுகத்துக்காக இரண்டு அலைத்தடுப்புச் சுவர்களைக் கட்டினார்கள். வடக்கே ஓடிவந்த மணல் அந்தச் சுவருக்குத் தெற்கே தங்கிவிட்டது. சுவருக்கு வடக்கே இருந்த ஊருக்கு மணல் வரவில்லை. ஆனால் இருந்த மணலை அலை மட்டும் வழக்கம்போல வடக்கே கொண்டுபோயிற்று. புதுச்சேரி நகரத்துக் கடற்கரை கரைந்தது. அதைத் தடுக்கக் கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடம் நின்றது, அதற்கு அடுத்த குப்பம் கரைய ஆரம்பித்தது. அங்கே கல் கொட்ட, அதற்கும் வடக்கே கரைந்தது. இப்படியே படிப்படியாக வந்து சேர்ந்த பாதிப்புதான் பொம்மையார்பாளையத்திலும் பிள்ளைச்சாவடியிலும் நீங்கள் பார்ப்பது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்தபோது, வடக்கேயுள்ள இந்தக் குப்பங்களில் வீடுகளையே கடல் கொண்டுபோனது.

ரத்தக்குழாயில் ஓரிடத்தில் அடைப்பு வந்தால் அதற்கு அப்பால் உள்ள உறுப்புதானே வாடும்? அதே கதைதான். அடைப்பை ஓரளவு சரிசெய்தால் பலன் கிடைக்கும் என்பதற்கும் இங்கேயே சாட்சி உண்டு. 2018-ல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே, கடலுக்கடியில் எஃகால் ஆன செயற்கைத் திட்டு ஒன்றை இறக்கினார்கள். அதற்குப் பிறகு, பல வருஷமாக வெறும் கல்லாக இருந்த நகரத்துக் கரையில் மறுபடியும் மணல் சேர்ந்தது.

ஆகவே, பிள்ளைச்சாவடிக்குப் போனதும் எடுத்தவுடன் கூடையைப் பிரித்து உட்காராதீர்கள். பெரியவர் ஒருவர் முதலில் இறங்கிப் பார்க்கட்டும். மணல் பரப்பு மாதத்துக்கு மாதம் கூடும், குறையும். நம் கடலில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான் என்றாலும், மணல் ஒடுங்கிய இடத்தில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் அந்தக் கொஞ்ச இடத்தையும் தண்ணீர் தொட்டுவிடும். உட்கார நல்ல மணல் இருக்கிறதா, சரி. இல்லையா, பிடிவாதம் வேண்டாம். துறைமுகத்துக்குத் தெற்கே சின்ன வீராம்பட்டினம் இருக்கிறது. அங்கேயுள்ள ஈடன் கடற்கரை, சுத்தத்துக்கும் பாதுகாப்புக்குமான சர்வதேச 'நீலக்கொடி' சான்றிதழை 2021-ல் பெற்றது.

இன்னொன்று. பிள்ளைச்சாவடி ஒரு மீனவர் ஊர். வலை உலர்த்தும் இடமும் படகு ஏற்றும் இடமும் அவர்களுடைய வீட்டு முற்றம் மாதிரி. வலையை மிதிக்காமல், "இங்க உட்காரலாமாங்க அண்ணே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அன்றைக்குக் கடல் எப்படி இருக்கிறது என்பதையும் அவரே சொல்லிவிடுவார். அதைவிட நல்ல வானிலை அறிக்கை கிடையாது!

ஓசோன் காற்றா?

சித்த மருத்துவர் என்றால் கடற்கரையை ஆகா ஓகோ என்று புகழ்வார் என்று எதிர்பார்ப்பீர்கள். ஆனால் ஐந்து நிலங்களில் நோயில்லாமல் வாழ ஏற்றது வயலும் நன்னீரும் உள்ள மருத நிலம்தான் என்பது எங்கள் நூல்களின் தீர்ப்பு. நெய்தலுக்கு அந்தப் பெருமையைக் கொடுக்கவில்லை. உப்பும் ஈரமும் நாள் முழுக்கப் படுகிற இடம் அல்லவா? அளவோடு போய்வரும் இடமாக அதை வைத்துக்கொள்வது நல்லது.

'கடற்கரையில் ஓசோன் காற்று வீசுகிறது, நுரையீரலுக்கு நல்லது' என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஓசோன் வானத்தின் உயரத்தில் இருந்தால்தான் நமக்குக் காவல். மூச்சில் கலந்தால் அது நுரையீரலை உறுத்தும் வாயு. கடற்கரையில் நாம் முகர்கிற அந்தத் தனி வாசனை ஓசோனே அல்ல. கடலின் நுண்பாசிகளிலிருந்து உண்டாகும் ஒருவகைக் கந்தக வாயுவின் வாசனை அதில் பெரும்பங்கு.

பிறகு எதுதான் நல்லது? கடல் பக்கமிருந்து வீசும் காற்றில் சாலைப் புகையும் தூசியும் குறைவு. கண்ணுக்கு முன்னால் தடையே இல்லாத தூரம். டெலிபோனை மறந்து, நாலு பேரும் ஒரே திசையைப் பார்த்து உட்காரும் நேரம். நடை. இந்த நாலும் போதாதா?

ஆஸ்துமா உள்ள பிள்ளைகளில் சிலருக்கு இந்தக் காற்று சுகமாக இருக்கும். சிலருக்குச் சாயங்கால ஈரக்காற்று இழுப்பைக் கிளப்பிவிடும். முதல் தடவை அரைமணி நேரம் மட்டும் இருந்து பாருங்கள். இன்ஹேலர் கட்டாயம் கையில் இருக்கட்டும். 'கடல் காத்து இருக்கே, மருந்து எதுக்கு?' என்று நிறுத்திவிடாதீர்கள்.

சரி, இனி அந்த நாலு விஷயங்களுக்கு வருவோம்.

ஒன்று: வேளை

நம் கரை கிழக்கு பார்த்தது. காலையில் சூரியன் கடலுக்கு மேலே, உங்கள் முகத்துக்கு நேரே. மாலையில் அது உங்கள் முதுகுக்குப் பின்னால். தென்னை, சவுக்கு நிழல் கடலை நோக்கி நீளும். பகலில் தரை சூடேறி, மதியத்துக்கு மேல் கடல் காற்று உள்ளே வர ஆரம்பித்திருக்கும். தமிழ் இலக்கணம் நெய்தல் நிலத்துக்கு எற்பாடு என்னும் மாலைப் பொழுதை ஒதுக்கியது சும்மா இல்லை!

குழந்தைகள், முதியவர்களோடு போகிறவர்கள் மாலை நாலரைக்கு மேல் போய், இருட்டுவதற்குள் கிளம்பிவிடுங்கள். காலை என்றால் விடிந்ததும் போய் எட்டு மணிக்குள் திரும்புங்கள். கோடையில் நடுப்பகல் மணல் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்த அம்மா நடந்தது அப்படிப்பட்ட மணலில்தான்.

ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் இதற்கு அருமையானவை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நமக்குப் பெருமழைக் காலம், கடலும் கொந்தளிப்பாக இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை சாயங்காலத்தில் திடீரென்று இடி மின்னல் வரும். திறந்த மணல்வெளியில் உயரமான பொருள் நீங்கள்தான் என்பதை மறக்காதீர்கள். இடிச்சத்தம் கேட்டதும் மரத்தடிக்கு ஓடாமல் காருக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போய்விடுங்கள்.

எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் கடற்கரை வேண்டாம். அன்றைக்கு வெயிலும் அலைச்சலும் ஆகாது.

இரண்டு: அளவு

மணலில் நடப்பது நல்ல பயிற்சிதான். ஆனால் அது சாதாரண நடை இல்லை. 1998-ல் பெல்ஜியம் நாட்டு ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். கெட்டியான தரையில் நடப்பதைவிட, புதையும் மணலில் நடக்க இரண்டு மடங்குக்கும் மேலே சக்தி செலவாகிறது! 'வீட்டுக்கிட்ட அரைமணி நேரம் நடக்கிறேனே' என்கிறவர், புதைமணலில் பத்து, பதினைந்து நிமிஷம் நடந்தாலே அவ்வளவு வேலையும் செய்தாகிவிட்டது.

முழங்கால் வலிக்காரர்கள் காய்ந்த மணலைத் தவிர்த்து, அலை வந்துபோய்க் கெட்டிப்பட்ட ஈர மணலில் நடக்கலாம். ஆனால் கரை கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலும் விழுவதால் இடுப்புக்கு ஆகாது. போன தூரமே திரும்பி வாருங்கள், இரண்டு பக்கமும் சமமாகும். முதல் நாள் மொத்தம் பத்து நிமிஷம் போதும்.

இதய நோய் உள்ளவர்கள், சமீபத்தில் அறுவைச் சிகிச்சை செய்தவர்கள் மணல் நடைக்கு முன்னால் உங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களுக்குப் புதுச்சேரி கடல் ரோடே உத்தமம். மாலை 6 மணிக்கு மேல் வண்டிகளை விடுவதில்லை. சமதரை, உட்காரத் திண்டு, பக்கத்திலேயே கடல். வார நாளில் போனால் கூட்டமும் குறைவு.

சர்க்கரைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வீட்டில் யாரையாவது உங்கள் பாதத்தில் அங்கங்கே பஞ்சுத் திரியால் தொடச் சொல்லுங்கள். எந்த இடத்தில் தொட்டார்கள் என்று சொல்ல முடியவில்லையா? வெறுங்கால் நடை உங்களுக்கு எப்போதுமே கிடையாது, மாலையிலும் கிடையாது. சூடு இல்லாவிட்டாலும் கிளிஞ்சல், கண்ணாடிச் சில், தூண்டில் முள் எல்லாம் மணலில் இருக்கும். மூடிய செருப்பு அல்லது ஷூ போட்டுக்கொண்டு தாராளமாக நடங்கள். நாட்டு மருந்து, இங்கிலீஷ் மருந்து எது சாப்பிட்டாலும் இந்த விதி ஒன்றுதான்.

மூன்று: அனுபானம்

தேன், நெய், வெந்நீர் என்று மருந்துக்குத் துணை போவதுதான் அனுபானம். கடற்கரைக்கு உங்கள் கூடை அனுபானம்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர். இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் போட்ட நீர்மோர். ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர். இது எதற்கு என்று பிறகு சொல்கிறேன். சாப்பிட எலுமிச்சை சாதம், புளியோதரை, பாசிப்பயறு சுண்டல் போன்றவை நல்லது. தயிர்சாதம் வண்டிச் சூட்டில் புளித்துப்போகும். கோடையில் வழியில் நுங்கு கிடைத்தால் விடாதீர்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் பொரித்த பஜ்ஜியையும் வறுவலையும் பார்த்தால் மட்டும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள்!

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் குளுக்கோஸ் அல்லது நாலு பிஸ்கட் பையிலேயே வைத்திருங்கள். இரட்டிப்புச் சக்தி செலவாகும் நடையில் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். படபடப்பு, வியர்வை, கை நடுக்கம் வந்தால் உடனே உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

தொப்பி, மாற்றுத் துணி, பாட்டிக்கு ஒரு மடக்கு நாற்காலி. குப்பையைத் திரும்ப எடுத்துவர ஒரு பை.

பிள்ளைகளுக்குப் பொழுது போக வேண்டுமே என்ற கவலை வேண்டாம். மணல்மேட்டில் ஆட்டுக்குளம்பு போன்ற இலையோடு, ஊதாப்பூ பூத்துப் படர்ந்திருக்கும் அடம்பங்கொடியைக் காட்டுங்கள். முள்ளுருண்டையாகக் காற்றில் உருண்டு ஓடும் இராவணன் மீசையைக் காட்டுங்கள். "இந்த ரெண்டும்தான் மணலைப் பிடிச்சு வைக்குது, பிடுங்கக் கூடாது" என்று சொல்லிக்கொடுங்கள். ஒரு பாடப்புத்தகம் படித்த பலன்!

நான்கு: பத்தியம்

இதுதான் முக்கியம். தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள்.

கன்னியாகுமரி, முட்டம், மணப்பாடு மாதிரி கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் முனையில் ஏறி நடப்பது தனிச் சுகம். நம் புதுச்சேரிக் கரையில் அப்படி இயற்கையான முனை கிடையாது. அந்த ஆசைக்கு நம்மவர்கள் செய்வது என்ன தெரியுமா? அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறாங்கல் வரிசையில் ஏறி, கடலுக்குள் நீளும் கடைசிக் கல் வரை நடந்து போய் போட்டோ எடுக்கிறார்கள். அது நடைபாதை இல்லை. கற்களைக் கட்டி வைக்கவில்லை, அடுக்கித்தான் வைத்திருக்கிறார்கள். மேலே பாசி வழுக்கும். இடுக்கில் கால் மாட்டினால் எலும்பு முறியும். பத்து அலை சாதாரணமாக வந்து, பதினோராவது அலை ஆளையே இழுத்துக்கொண்டு போகும். முதல் பத்தியம், கல்லின்மேல் ஏறாதீர்கள்.

உயரத்தில் நடந்து கடலைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறவர்களுக்கு வேறு வழி உண்டு. பொம்மையார்பாளையம் பக்கம் சாலைக்கு மேற்கே செம்மண் மேடு ஏறுகிறது. மழைநீர் அறுத்த சிவந்த பள்ளத்தாக்குகளும், அவற்றுக்கு அப்பால் கடலும் தெரியும். காலையில், மழையில்லாத மாதங்களில், விளிம்பை விட்டு நாலடி தள்ளி, பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடங்கள். மழை பெய்திருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம். செம்மண் விளிம்பு சரிந்துவிடும்.

இரண்டாவது பத்தியம், கடலில் குளிக்காதீர்கள். "முழங்கால் தண்ணிதானே டாக்டர்?" என்பீர்கள். கரைக்கு வந்த அலைநீர் எல்லாம் எப்படியாவது திரும்பிப் போக வேண்டுமே? அது ஒரு குறுகலான பாதையில் சேர்ந்து, வேகமாக உள்ளே இழுக்கும். பக்கத்தில் எல்லாம் அலை உடையும்போது, அந்த இடம் மட்டும் அலை குறைந்து அமைதியாகத் தெரியும். அதைப் பார்த்து 'இங்கதான் நல்லா இருக்கு' என்று பிள்ளைகளை இறக்குவார்கள். அந்த அமைதியான இடம்தான் ஆபத்தான இடம்! கல்வரிசையை ஒட்டியே இப்படிப்பட்ட இழுப்பு அதிகமாக உண்டாகும். கல் நிறைந்த கரையில் கணுக்கால் நனைத்தால் போதும். நீச்சல் தெரிந்த வாலிபப் பிள்ளைகளுக்கும் இதேதான்.

யாராவது இழுப்பில் மாட்டிக்கொண்டால், கரையை நோக்கி எதிர்நீச்சல் போட வேண்டாம். மிதந்துகொண்டே கரைக்குப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பை விட்டு வெளியே வந்த பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். கரையில் நிற்பவர் பின்னாலேயே குதிக்காமல், காலிக் கேன், கயிறு, மிதக்கும் எதையாவது வீசுங்கள். மீனவர்களைக் கூப்பிடுங்கள். வெளியே எடுத்தவரைத் தலைகீழாகத் தொங்கவிடுவதும் வயிற்றை அமுக்குவதும் பெரிய தவறு. மல்லாக்கப் படுக்க வைத்து, மூச்சில்லை என்றால் உடனே வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சை அழுத்துங்கள். இன்னொருவர் 108-க்குப் போன் செய்யட்டும். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயே ஆக வேண்டும்.

மூன்றாவது, பிள்ளைகள். ஒரு பெரியவர் பிள்ளைகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவருக்குப் போன் கிடையாது, சுண்டல்கூடக் கிடையாது! கால்மணிக்கு ஒருமுறை ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். 'எல்லாரும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தோம்' என்ற இடத்தில்தான் யாருமே பார்க்காமல் போகிறது.

நான்காவது, ஜெல்லி மீன். மீனவர்கள் 'சொறி' என்பார்கள். கரையில் செத்துக் கிடந்தாலும் தொடக்கூடாது. பட்டுவிட்டால் மணல் போட்டுத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். கடல் நீராலேயே கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளைக் குச்சியால் எடுத்துவிட்டு, பொறுக்கும் சூட்டில் வெந்நீரை இருபது நிமிஷம் ஊற்றுங்கள். ஃபிளாஸ்க் எதற்கு என்று இப்போது புரிகிறதா? மூச்சுத் திணறல், மயக்கம் வந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. காலாப்பட்டிலேயே மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

ஐந்தாவது, 'கடல் தண்ணி குடிச்சா வயிறு சுத்தமாகும்' என்ற யோசனை. 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ரிச்சர்ட் ரசல் என்ற டாக்டர் நோயாளிகளைக் கடல்நீரில் குளிக்கவும் குடிக்கவும் சொல்லிப் பெரும் புகழ் பெற்றார்! ஒரு லிட்டர் கடல்நீரில் 30 கிராமுக்கு மேல் உப்பு. ரத்தக்கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது விஷம் மாதிரி. யார் சொன்னாலும் வேண்டாம்.

வீடு திரும்பியதும்...

நல்ல தண்ணீரில் குளித்து, உப்பும் மணலும் போகக் கழுவுங்கள். விரலிடுக்குகளை ஈரம் போகத் துடையுங்கள். பிறகு வெளிச்சத்தில் உட்கார்ந்து, எல்லாருடைய பாதத்தையும் ஒருவர் பாருங்கள். முக்கியமாக, வீட்டில் உள்ள பெரியவர்களின் பாதத்தை. உள்ளங்காலை அவர்களால் குனிந்து பார்க்க முடியாது. வலிக்கவில்லை என்பதற்காகக் காயமில்லை என்று அர்த்தமில்லை. சிவப்பு, கொப்புளம், கீறல் எது தெரிந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம், என்னிடமும் முதலில் வர வேண்டாம். சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டரிடம் மறுநாளே காட்டிவிடுங்கள். அந்த இரண்டு நாள் தாமதம்தான் ஒரு விரலின் விலை.

அந்த அம்மா எழுபதைத் தாண்டி, இப்போதும் என்னிடம் வருகிறார். போன தை மாதம் குடும்பத்தோடு பிள்ளைச்சாவடிக்குப் போய்விட்டு வந்ததாகச் சொன்னார். சாயங்காலம் ஐந்து மணிக்குப் போனார்களாம். காலில் ஷூ, மடக்கு நாற்காலி, ஃபிளாஸ்க், சுண்டல் எல்லாம் இருந்ததாம். ஈர மணலில் பத்து நிமிஷம் நடந்தாராம்.

"வீட்டுக்கு வந்ததும் பேத்தி என் காலைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டா தம்பி. டார்ச் அடிச்சு ஒவ்வொரு விரலாப் பார்த்தா. 'ஒன்பதும் பத்திரம் பாட்டி'ன்னு சொல்லிட்டுத்தான் சாப்பிடப் போனா!"

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் கண் கொஞ்சம் கலங்கிவிட்டது.

வேளை, அளவு, அனுபானம், பத்தியம். இந்த ஞாயிற்றுக்கிழமை நாலையும் கூடையில் எடுத்து வைத்துக்கொண்டு கிளம்புங்கள். கடல் காற்று உங்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும் சுகத்தைக் கொடுக்கட்டும்!